சேர்க்காமல் விட்ட சொல்

மேலப்பாளையத்தில் காலை ஆறரைக்கு வெறும் வயிற்றோடு சர்க்கரை பார்க்க வருகிறவர்கள், அஸீலா இருக்கிறாளா என்று கேட்டுவிட்டுத்தான் லேப்புக்குள் நுழைவார்கள். நரம்பு கிடைக்கவில்லை என்று மற்றவர்கள் விட்டுவிட்ட கையிலும் அவள் ஒரே குத்தில் ரத்தம் எடுத்துவிடுவாள். பதினாறு வருடமாக அந்த வேலை. வயது முப்பத்தெட்டு. ஊரில் நல்ல பெயர். தெரியாதவர்களிடம் அவளைக் காட்டி, "காஜா முகைதீன் ஹாஜியார் மகள்" என்பார்கள். ஹாஜியார் என்ற சொல் காதில் விழும்போதெல்லாம் அவள் உள்ளுக்குள் குறுகிப்போவாள். ஏன் என்று யாரிடமும் சொன்னதில்லை, கணவன் அசன் மைதீனிடம்கூட.

அவள் வாப்பா பதினோரு வருடம் மஸ்கட்டில் இருந்தவர். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை வந்து, நாற்பது நாள் இருந்துவிட்டுப் போவார். உம்மா சித்தி ஜனாபாவுக்குக் குர்ஆன் ஓதத் தெரியும். தமிழ் எழுத்து தெரியாது. அஸீலா ஒரே பிள்ளை. ஏழு வயதிலேயே மஸ்கட்டுக்குக் கடிதம் எழுதும் வேலை அவளிடம் வந்துவிட்டது. உம்மா சொல்லச் சொல்ல எழுதுவாள், வந்த கடிதத்தை எழுத்துக்கூட்டி வாசித்துக் காட்டுவாள்.

அவளுக்கு ஒன்பது வயதாகும்போது வாப்பா ஒரேயடியாக ஊருக்கு வந்துவிட்டார். வந்த இரண்டாம் மாதம் அவருடைய அக்கா வீட்டுக் கல்யாணத்துக்கு ஆள் அழைப்பது பற்றிப் பேச அங்கே சொந்தக்காரர்கள் கூடியிருந்தார்கள். அழைக்க வேண்டியவர்களின் பெயர்ப் பட்டியலை யோசிக்காமல் உம்மாவிடம் நீட்டி, "விட்டுப்போன பேரு ஏதும் இருக்கான்னு பாரு" என்றார். அத்தனை பேர் முன்னால் தெரியாது என்று சொல்ல உம்மாவுக்கு மனம் வரவில்லை. வாங்கிப் பார்த்துக்கொண்டு நின்றாள். தாள் தலைகீழாக இருந்தது. யாரோ சிரித்துவிட்டார்கள். வாப்பாவுக்கு முகம் செத்துப்போயிற்று.

"எழுத்து தெரியாத கழுதகிட்டப் போயி குடுத்தேன் பாரு. இதுகிட்ட மனுசன் என்னத்தப் பேச?" என்றார்.

அன்று சாயங்காலம் வீடு திரும்பியதும் உம்மா மகளைக் கூப்பிட்டாள். "ஏளா, உங்க வாப்பாகிட்டப் போய்ச் சொல்லு. கழுதகிட்ட இனிமே அவ்வொ பேச வேண்டாம். கழுதையும் பேசாது."

அஸீலா அப்படியே போய்ச் சொன்னாள். வாப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "சரின்னு சொல்லு" என்றார்.

இரண்டு நாளில் சரியாகிவிடும் என்றுதான் சொந்தக்காரர்கள் நினைத்தார்கள். சரியாகவில்லை. ஒரே வீட்டில், ஒரே உலையில் வெந்த சோற்றைத் தின்றுகொண்டு, இரண்டு பேரும் ஒருவரோடு ஒருவர் பேசாமலே வருடங்களைக் கழித்தார்கள். அடுக்களைக்கும் முன்னறைக்கும் நடுவில் பத்து எட்டு இருக்கும். அந்தப் பத்து எட்டையும் அஸீலா நடந்தாள். சோறு ஆயிற்று என்பது, மீன் வேண்டுமா என்பது, பெரியாப்பாவுக்கு உடம்பு சுகமில்லை என்பது, எல்லாமே அவள் வாய் வழியாகத்தான் போய்வந்தன.

கொஞ்ச நாளில் அவள் சொற்களை மாற்றத் தொடங்கினாள். "மீன் ஆணத்துல உப்பு இருக்கான்னு வாயில வச்சுப் பாத்தாளான்னு கேளு" என்று வாப்பா சொன்னால், அடுக்களைக்குப் போய், "வாப்பாவுக்கு ஊறுகா வேணுமாம்" என்பாள். "அந்த மனுசனுக்கு நாக்கு செத்துப்போச்சுன்னு சொல்லு" என்று உம்மா சொன்னால், "இன்னா எடுத்துட்டு வாறாவளாம்" என்பாள். சண்டை வராமல் இருந்தது. வாப்பா அவள் தலையைத் தடவுவார். உம்மா அவளுக்கு மட்டும் முட்டை அவித்துக் கொடுப்பாள். அவளைக் கேட்காமல் வீட்டில் எதுவும் நடக்காது என்றாயிற்று. அந்த வேலை அவளுக்குக் கஷ்டமாக இருந்ததே இல்லை. பிடித்திருந்தது. பின்னாளில் நினைக்கும்போது அதுதான் அவளுக்கு மிகவும் வெட்கமாக இருந்தது.

பதினெட்டு வயதில், பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும், பாளையங்கோட்டையில் லேப் டெக்னீசியன் படிப்புக்குப் போக ஆசைப்பட்டாள். வாப்பாவுக்குச் சம்மதமில்லை; உம்மாவுக்கும் இல்லை. மாப்பிள்ளை பார்க்கலாம் என்று இரண்டு பேரும் தனித்தனியாக அவளிடமே சொன்னார்கள். அவள் வாப்பாவிடம் போய், "உம்மா ஒரே பிடியா நிக்காவ வாப்பா. நான்தான் எழுத்து தெரியாமப் போயிட்டேன், எம்மவளாவது படிக்கட்டும்னு சொல்லுதாவ" என்றாள். வாப்பா அதற்குமேல் வாயைத் திறக்கவில்லை. உம்மாவிடம் வந்து, "வாப்பா ஃபாரம் வாங்கிட்டாவ. மறுத்துப் பேசக்கூடாதுன்னு சொல்லிட்டாவ" என்றாள். உம்மா கொஞ்சம் அழுதுவிட்டு விட்டுவிட்டாள். சொல்லாத சொல் இரண்டைச் சொல்லி அஸீலா கல்லூரிக்குப் போனாள்.

இரண்டாம் வருடம் படிக்கும்போது வாப்பாவுக்கு ஹஜ்ஜுக்குப் போக இடம் கிடைத்தது. ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் புறப்படும் முன் தெரிந்தவர் தெரியாதவர் எல்லாரிடமும் போய், செய்த தப்பைப் பொருந்திக்கொள்ளும்படி, அதாவது மன்னிக்கும்படி, கேட்பது வழக்கம். வாப்பாவும் தெருத்தெருவாகப் போனார். பத்து வருடமாகப் பேச்சில்லாமல் இருந்த பங்காளி வீட்டுக்குக்கூடப் போய்வந்தார். புறப்பட மூன்று நாள் இருந்தது. சாயங்காலம் அசர் தொழுகை முடிந்து வந்தவர் அஸீலாவைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அவர் குரல் அப்படிக் கம்மியதை அவள் அதற்குமுன் கேட்டதில்லை.

"உம்மாகிட்டச் சொல்லு. அன்னைக்கு மாமி வீட்டுக் கல்யாணத்துக்குப் பேரு எழுதும்போது நான் சொன்னது பாவம். பத்து வருசமா தொண்டையிலயே நிக்கி. அவ பொருந்திக்கிடாம அங்கன போயி நின்னா அது என்ன ஹஜ்ஜு? நேருல கேக்க எனக்கு மூஞ்சி இல்லம்மா. அவ ம்னு ஒரு சொல்லு சொன்னாப் போதும். நான் உள்ள வந்து பேசுதேன்."

அஸீலா எழுந்து போனாள். நாலாவது எட்டிலேயே அவளுக்கு அது புலப்பட்டுவிட்டது. இவர்கள் பேசத் தொடங்கினால் முதல் பேச்சே, மகளை ஏன் படிக்க அனுப்பினாய் என்பதாகத்தான் இருக்கும். இரண்டு பொய்யும் அந்த நிமிடமே அவிழ்ந்துவிடும். பரீட்சைக்கு ஐந்து மாதம் இருந்தது. கல்லூரியை விட்டு நிறுத்திவிடுவார்கள். அடுக்களை வாசலில் போய் நின்றாள்.

"என்னளா?" என்றாள் உம்மா.

"ஒண்ணுமில்ல. தண்ணி குடிக்க வந்தேன்."

ஒரு தம்ளர் தண்ணீரைக் குடித்துவிட்டுத் திரும்பி வந்து, "உம்மா ஒண்ணும் சொல்லல வாப்பா" என்றாள். அதுவரை அது பொய்கூட இல்லை. மறுநாள் காலையில் வாப்பா, "மறுபடியும் கேட்டியாம்மா?" என்றார். "கேட்டேன். ஒண்ணும் சொல்ல மாட்டேங்காவ" என்றாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

பரீட்சை முடிந்ததும் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். வாப்பா ஹஜ் முடித்து வந்ததும் தன் பாயையும் பெட்டியையும் தூக்கிக்கொண்டு மாடி அறைக்குப் போய்விட்டார். சர்டிபிகேட் கையில் வந்ததும் சொல்லலாம் என்று நினைத்தாள். அப்புறம் கல்யாணம் ஆகட்டும் என்று நினைத்தாள். பிறகு, எப்படிச் சொல்வது என்றே தெரியாமல் போயிற்று. ஊர் அவரை ஹாஜியார் என்று கூப்பிட்டது.

அசன் மைதீனுக்கு டவுணில் செருப்புக் கடை. ஒரே மகள் என்பதால் கல்யாணத்துக்குப் பிறகும் இந்த வீட்டிலேயே இருந்துகொண்டார்கள். மகள் பாத்து பிறந்தாள். அஸீலா விடிந்ததும் லேப்புக்கு ஓட வேண்டியிருந்தது. வீட்டில் சொற்களைச் சுமக்க ஆள் வேண்டும். யாரும் சொல்லிக் கொடுக்காமலே, மூன்று வயதில் மாடிப்படி ஏறப் பழகியபோதே, பாத்து அந்த வேலையை எடுத்துக்கொண்டாள். தாத்தாவை அவள் நன்னா என்பாள், பாட்டியை உம்மும்மா. "நன்னாகிட்ட சாயா வேணுமான்னு கேளு." "உம்மும்மாகிட்ட மாத்திர தீந்துபோச்சுன்னு சொல்லு." அஸீலாவும் தன் பங்குக்கு, புருசன் மேல் கோபம் வந்தால், அவர் எதிரிலேயே நின்றுகொண்டு, "வாப்பாவ சாப்பிடச் சொல்லு பாத்து" என்பாள்.

போன வருடம் ஜூன் மாதம், பள்ளிக்கூடம் திறந்த மூன்றாவது வாரம், ஆறாம் வகுப்பு டீச்சர் போன் செய்தார். பாத்துவின் கண்ணை உற்றுப் பார்த்தீர்களா என்று கேட்டார். அஸீலா அன்று சாயங்காலம் வெளிச்சத்தில் நிறுத்திப் பார்த்தாள். வலது கண்ணில் மேல் இமை முழுக்க மொட்டையாக இருந்தது. இடது கண்ணில் ஓரத்தில் நாலைந்து மயிர் மிச்சம். தினமும் அந்த முகத்தைத்தான் கழுவிவிட்டு, பவுடர் போட்டு அனுப்பியிருந்தாள்.

தோல் டாக்டர் ஒரு களிம்பு எழுதிக் கொடுத்துவிட்டு, பிள்ளை தானேதான் பிடுங்குகிறாள் என்றார். சமாதானபுரத்தில் குடும்ப ஆலோசகர் ஒருவர் இருக்கிறார் என்று முகவரி கொடுத்தார். பைக்கில் போனால் யாராவது பார்ப்பார்கள் என்று, அஸீலா முகத்தை மூடி, பாத்துவைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் போனாள். காத்திருக்கும் பெஞ்சில் மேலப்பாளையத்துப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். மாதாமாதம் அஸீலாவிடம் ரத்தம் கொடுக்கிறவள். இரண்டு பேரும் பார்க்காததுபோலவே அரை மணி நேரம் இருந்தார்கள்.

ஆலோசகர் நாறும்பூநாதனுக்கு ஐம்பது வயதிருக்கும். அன்று அவருக்குச் சளி. துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டே பேசினார். பள்ளிக்கூடத்தில்தான் பிரச்சினை என்று நினைத்து, கணக்கு டீச்சரைப் பற்றியே அரை மணி நேரம் கேட்டார். பாத்து, "கணக்கு எனக்குப் பிடிக்கும்" என்று மட்டும் சொன்னாள். அப்புறம் அவர் ஒரு பெரிய தாளை எடுத்து, வீட்டில் யார் யார் என்று கேட்டார். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம். மேலே தாத்தா பாட்டி, நடுவில் அப்பா அம்மா, கீழே பாத்து.

"வீட்டுல எல்லாரும் நல்லாப் பேசிக்கிடுவீங்களாம்மா?" என்றார்.

"நல்லாப் பேசிக்கிடுவோம் சார். ஒரு குறையும் இல்ல" என்றாள் அஸீலா.

பாத்து திரும்பி அஸீலாவைப் பார்த்தாள். நாறும்பூநாதன் அதைக் கவனித்தார். பென்சிலைப் பாத்துவிடம் கொடுத்து, "யார் யார்கிட்டப் பேசுவாவளோ அவங்களுக்கு நடுவுல கோடு போடு" என்றார்.

பாத்து நன்னாவின் கட்டத்திலிருந்து தன் வட்டத்துக்கு ஒரு கோடு இழுத்தாள். உம்மும்மாவின் வட்டத்திலிருந்து தன் வட்டத்துக்கு இன்னொரு கோடு. அப்புறம் அஸீலாவிடமிருந்தும் அசன் மைதீனிடமிருந்தும் ஒவ்வொன்று. எல்லாக் கோடுகளும் கீழே அவளிடம் வந்து முடிந்தன. மேலே இரண்டு பேருக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை.

"நன்னா திட்டுனா அப்படியே போய்ச் சொல்லுவியா?" என்றார் அவர்.

"இல்ல. மாத்திச் சொல்லுவேன்."

"மாத்திச் சொன்னா எப்படி இருக்கும்?"

"பொய் சொன்னா பாவம்லா. அதுக்கு ஒண்ணு பிடுங்கிருவேன். பிடுங்குனா சரியாப் போயிரும்."

தன் பிள்ளை முகத்தை அஸீலாவால் பார்க்க முடியவில்லை. சுவரில் தொங்கிய காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாத்துவை வெளியே அனுப்பிவிட்டு நாறும்பூநாதன் பைய சொன்னார். "ரெண்டு பேருக்கு நடுவுல தாங்க முடியாத ஒண்ணு கெடந்தா, மூணாவது ஒரு ஆள உள்ள இழுத்துக்கிடுவோம். எல்லா வீட்டுலயும் நடக்கும். மாட்டுறது அநேகமாச் சின்னப் பிள்ளதான். இமைக்கு மட்டும் வைத்தியம் பாத்தா இது நிக்காதும்மா. அடுத்த தடவ எல்லாரும் வாங்க." பிறகு சாதாரணமாகக் கேட்டார்: "இவளுக்கு முந்தி இந்த வேலைய யார் பாத்தா?"

"யாருமில்ல சார்" என்றாள் அஸீலா.

பெரியவர்கள் இரண்டு பேரும் பாத்துவுக்காக என்றதும் மறுக்கவில்லை. ஒரே ஆட்டோவில், வாப்பா முன்னால் டிரைவருக்குப் பக்கத்தில், உம்மா பின்னால் பாத்துவின் கையைப் பிடித்துக்கொண்டு. அசன் மைதீன் கடையை அடைத்துவிட்டு பைக்கில் வந்தார். அறையில் நிறத்துக்கொன்றாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள். எல்லாரும் உட்காரும்போது பாத்து இயல்பாகவே நடு நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். நாறும்பூநாதன் அவளை எழுப்பி, ஜன்னல் ஓரமாக அசன் மைதீனுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் உட்கார வைத்தார்.

"அஸீலாம்மா, இப்ப நீங்களும் ஒண்ணும் சொல்லக்கூடாது. அண்ணாச்சி, உங்க வீட்டம்மாகிட்ட ஏதாவது ஒண்ணு சொல்லுங்க. என்ன வேணும்னாலும் சொல்லலாம்."

வாப்பா அஸீலாவைப் பார்த்து, "அவகிட்டக் கேளு, முட்டுவலிக்கு..." என்று தொடங்கினார்.

"அவங்ககிட்டச் சொல்லுங்க அண்ணாச்சி. மகள்கிட்ட இல்ல."

வாப்பா நிறுத்திவிட்டார். உம்மா துப்பட்டியின் நுனியைச் சுருட்டிச் சுருட்டி விட்டுக்கொண்டிருந்தாள். பாத்துவின் கை கண்ணை நோக்கிப் போனது. அசன் மைதீன் அந்தக் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். வாப்பா தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"பேசி என்ன செய்ய சார்? ஹஜ்ஜுக்குப் போகும்போது ஒரு தடவ சொல்லிவிட்டேன். பொருந்திக்கிடச் சொல்லிக் கேட்டேன். ஒரு பதிலும் வரல. அதோட விட்டுட்டேன்."

உம்மாவின் கை நின்றது. அவள் நாறும்பூநாதனிடம்தான் சொன்னாள், ஆனால் குரல் உயர்ந்திருந்தது. "எங்கிட்ட ஒண்ணும் வரல சார். ஊரெல்லாம் போயி கேட்டாரு. புறப்படுத அன்னைக்குக் கதவுக்குப் பின்னாலயே நின்னேன். எங்கிட்டயும் கேப்பாருன்னு நின்னேன். என்னைய மட்டும் கேக்காமப் போனாரு."

"மகள்கிட்டச் சொல்லித்தான் விட்டேன். ரெண்டு தடவ."

அப்புறம் இரண்டு பேரும் ஒன்றாக அஸீலாவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

நாறும்பூநாதன் அவளைத் தடுக்கவில்லை. அவள் சொன்னாள். தண்ணீர் குடித்துவிட்டு வந்ததைச் சொன்னாள். மறுநாள் சொன்ன பொய்யைச் சொன்னாள். எதற்கு என்று சொல்லும்போது, கல்லூரிக்காக என்பது அவள் காதுக்கே அற்பமாக இருந்தது. படிப்புக்குச் சம்மதம் வாங்கிய கதையையும் சேர்த்துச் சொன்னாள். புருசன் எதிரில், பெற்ற பிள்ளை எதிரில் சொன்னாள். அழுகை வரவில்லை. அழுதால் யாராவது ஆறுதல் சொல்லிவிடுவார்களோ என்றுகூட அந்த நேரத்தில் அவளுக்குப் பயமாக இருந்தது.

உம்மா அவளிடம், "அவ்வொ என்ன சொல்லச் சொன்னாவ?" என்று கேட்டாள்.

அஸீலா வாயைத் திறக்கும் முன் நாறும்பூநாதன் கையைக் காட்டினார். "நீங்க சொல்லாதீங்க. அது அண்ணாச்சி சொல்ல வேண்டியது."

எல்லாரும் வாப்பாவைப் பார்த்தார்கள். அவர் எழுந்தார். தொப்பியைச் சரி செய்துகொண்டு, கதவைத் திறந்து, படி இறங்கிப் போய்விட்டார். யாருக்கும் காத்திருக்காமல் பஸ்ஸில் வீட்டுக்குப் போயிருந்தார்.

அன்று பாத்துவைத் தூங்க வைத்துவிட்டு வந்த அசன் மைதீன், கட்டிலில் உட்கார்ந்து, கோபமில்லாமல் கேட்டார். "எங்கிட்ட எத்தன சொல்ல மாத்திச் சொல்லியிருக்க, அஸீலா?"

இல்லை என்று சொல்ல அவள் வாயெடுத்தாள். அவர் தங்கச்சி போனில் சொன்னது, கடைக்கு வரச் சொல்லி அவர் மாமா சொன்னது என்று, அவள் நல்லதற்கு என்று நினைத்து மாற்றியவை ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. "தெரியல மச்சான். நெறைய இருக்கும்" என்றாள்.

நாறும்பூநாதன் ஒரே ஒரு விதி கொடுத்திருந்தார். யாரும் யாருக்காகவும் சொல் கொண்டுபோகக்கூடாது. வேண்டியதை வேண்டியவரிடமே கேட்க வேண்டும், இல்லாவிட்டால் கேட்காமல் இருக்க வேண்டும். "மொதல்ல வீடு இன்னும் மோசமாத்தான் போகும். பழைய எடத்துக்கே இழுக்கும். விட்டுக்குடுத்திராதீங்க" என்று போனில் சொன்னார். அப்படியேதான் ஆயிற்று. வாப்பா நாலு நாள் சாயா குடிக்கவில்லை. உம்மா சோற்றைப் போட்டுப் படிக்கட்டில் வைத்தாள். அது அங்கேயே ஆறிக் கிடந்தது. பாத்து மாடிப்படி நடுவில் போய் உட்கார்ந்துகொண்டு மேலும் கீழும் பார்த்தாள். இரண்டு பேரும் அஸீலாவோடும் பேசவில்லை.

ஐந்தாம் நாள் அவளுக்குப் பொறுக்கவில்லை. மாடிக்குப் போய், "வாப்பா, பிரஷர் மாத்திர இருக்கான்னு உம்மா கேக்காவ" என்றாள். உம்மா கேட்கவே இல்லை. திரும்பினால் வாசலில் பாத்து நின்றாள்.

"உம்மா, நீங்க சொல்லக்கூடாதுல்லா?" என்றாள்.

பதினோரு வயதுப் பிள்ளையிடம் அகப்பட்டு, அஸீலா படியிறங்கிக் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள்.

அடுத்த வாரம் அவள் லேப்பில் இருந்தபோது அது நடந்தது. மொட்டை மாடித் தொட்டி நிறைந்து தண்ணீர் சன்ஷேட் வழியாகக் கொட்டியிருக்கிறது. மோட்டார் சுவிட்ச் மாடியில். அடுக்களையில் இருந்த உம்மா தலையை வெளியே நீட்டி, "மோட்டார அமத்துங்க" என்று சத்தம் போட்டிருக்கிறாள். மேலேயிருந்து வாப்பா, "அமத்தியாச்சு" என்றிருக்கிறார். இருபத்தொன்பது வருடம் கழித்து அவ்வளவுதான் பேச்சு. அதற்குமேல் அன்று முழுவதும் ஒன்றுமில்லை.

கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அசன் மைதீன் கேட்டுவிட்டு, மத்தியானம் அவளிடம் சொன்னார். கேட்டதும் அவளுக்குச் சந்தோஷம்தான் வந்திருக்க வேண்டும். முதலில் வந்தது வேறு. நான் இல்லாதபோது பேசிவிட்டார்களே என்று சுருக்கென்றது. இத்தனைக்குப் பிறகும் தனக்குள் அப்படி ஒன்று இருப்பதைக் கண்டு, கையுறையைக் கழற்ற மறந்து, அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் மாடிக்குப் போய் வாப்பா எதிரில் நின்றாள். "என்னையப் பொருந்திக்கிடுங்க வாப்பா."

"உம் மேல கோவம் இருக்கு, இல்லன்னு சொல்லல. ஆனா ஒன் மூஞ்சியப் பாத்தா எனக்குத்தான் வெக்கமா இருக்கு. பத்து எட்டு நடக்க மாட்டாம, கெட்டுப்போன எம் பேச்சையெல்லாம் ஒரு சின்னப் பிள்ள தலையில ஏத்தி அனுப்பிக்கிட்டிருந்திருக்கேன். நீ போ. நான் பைய பாத்துக்கிடுதேன்."

உம்மா அவ்வளவு எளிதாக விடவில்லை. ஒரு மாதத்துக்கு மேல் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். ஒருநாள் மீன் கழுவிக்கொண்டிருந்தவள் திரும்பாமலே கேட்டாள்.

"படிக்கணும்னா எங்கிட்டயே கேட்டிருக்கலாம்லா?"

"கேட்டா விட்டிருப்பீங்களா உம்மா?"

உம்மா யோசித்தாள். "மாட்டேன்" என்றாள். பிறகு, "ஆனாலும் நீ செஞ்சது தப்புதான்" என்றாள்.

"தப்புதான்" என்றாள் அஸீலா.

பாத்துவுக்கு இமை மயிர் முளைத்தது. குட்டை குட்டையாக, ஒழுங்கில்லாமல். அரையாண்டுப் பரீட்சை சமயத்தில் மறுபடி கொஞ்சம் பிடுங்கினாள். நாறும்பூநாதன், அப்படித்தான் ஏறி இறங்கும் என்றார். அதைவிட, வீட்டில் அவளுக்கு இப்போது என்ன வேலை என்று கேட்டார். "ஒண்ணுமில்ல. சும்மாத்தான் இருக்கேன்" என்றாள் பாத்து. அவர் சிரித்தார்.

தை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, அஸீலா வேலை முடிந்து வீட்டுக்கு வரும்போது மாடியில் பேச்சுக் குரல் கேட்டது. உம்மா மேலே போயிருந்தாள். குரல் ஏறியது, தாழ்ந்தது, மறுபடி ஏறியது. வாப்பா ஏதோ சொல்ல, உம்மா அழுதுகொண்டே ஏதோ திருப்பிச் சொன்னாள். வார்த்தை ஒன்றும் பிடிபடவில்லை. அஸீலாவின் கால் தானாகவே முதல் படியில் ஏறிவிட்டது. இரண்டாவது படியில் நின்றாள். இறங்கினாள். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்து, தெரு முக்கைத் தாண்டி, பாளையங்கால்வாய்ப் பாலம் வரைக்கும் நடந்தாள். யாரோ, "என்ன, ஹாஜியார் மகளே, வெயிலுல நிக்க?" என்று கேட்டதற்கு, "சும்மாத்தான் நிக்கேன்" என்றாள். அரை மணி நேரம் அங்கேயே நின்றாள்.

திரும்பி வந்தபோது வீடு அமைதியாக இருந்தது. உம்மா அடுக்களையில் இருந்தாள், கண் சிவந்திருந்தது. தட்டை எடுத்துச் சோறு போட்டாள், மீன் துண்டை ஒதுக்கி வைத்தாள். மேலே என்ன பேசினார்கள் என்று சொல்லவில்லை. அஸீலா கேட்கவில்லை. கேட்டுவிட வேண்டும் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அப்படி வந்ததை நினைத்துக் கூசிப்போய், தலையைக் குனிந்து, தட்டைப் பார்த்தே சாப்பிட்டு முடித்தாள்.